ஜார்ஜ் டவுன் தெருக்களில் பழைய முறை உருவப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஜார்ஜ் டவுன் தெருக்களில், பழைய ஸ்டுடியோக்களின் முறையைப் பின்பற்றி, மனிதர்களை உருவப்படம் எடுப்பது என் தொழில். தொலைபேசியில் அழைப்பவர்களும் நேரில் வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒருமுறை விளக்கியதை மறுபடி எழுதாமல், முந்தைய பதிலைச் சுட்டிக்காட்டிச் சென்றிருப்பதால், முதலிலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

நீங்க எடுக்கிறது என்ன மாதிரி படம் சார்? ஸ்டுடியோ எங்கே இருக்கு?

ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ, அவர்களுடைய முகமும் நிற்கும் விதமும் முதலில் கண்ணில் படும்படி எடுக்கும் உருவப்படங்கள். 1940களிலிருந்து 1970கள் வரை தமிழ்நாட்டு ஸ்டுடியோக்கள் எடுத்துத் தந்த கறுப்பு வெள்ளைப் படங்களே எனக்கு முன்மாதிரி. அவற்றில் ஒளி ஒரு பக்கத்திலிருந்து வரும். முகத்தின் மறுபக்கம் மெல்லிய நிழலில் இருக்கும். நாற்காலியின் கைப்பிடியில் விரல்கள் எப்படிப் படிய வேண்டும் என்பதைக்கூட ஸ்டுடியோக்காரர் பார்த்துச் சரிசெய்திருப்பார். நான் பின்பற்ற விரும்புவது அந்த அக்கறையை.

எனக்கென்று தனியாக ஸ்டுடியோ கிடையாது. இருட்டறை மட்டும் வீட்டில் இருக்கிறது. பழைய ஸ்டுடியோக்களில் தூணும் படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்த திரையைப் பின்னால் தொங்கவிடுவார்கள். பாரிமுனையை (பாரிஸ் கார்னர்) சுற்றி அந்தத் தூண்களும் படிக்கட்டுகளும் மெய்யாகவே நிற்கின்றன என்பதால், அங்கேயே அழைத்துச் சென்று எடுக்கிறேன்.

பழைய ஸ்டைல்னா படத்தைப் பழுப்பாக்கித் தருவீங்களா?

கேட்டால் தருவேன். ஆனால் வீட்டில் இருக்கும் பழைய படங்கள் மஞ்சள் பூத்திருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், அந்தக் காலத்தில் படத்தை நிலைப்படுத்தும் ரசாயனமான ஹைப்போவை முழுக்கக் கழுவாமல் விட்டதுதான். காகிதத்தில் தங்கிவிட்ட ஹைப்போ ஆண்டுக்கணக்கில் படத்தின் வெள்ளியை அரித்து மங்க வைக்கிறது. அது ஒரு பழுது. புதிய படத்தில் அந்தப் பழுதை வேண்டுமென்றே வரவழைப்பதை நான் செய்வதில்லை.

செபியா என்பது வேறு வேலை. பிரின்ட்டை முதலில் வெளுக்கும் கரைசலில் போட்டு, பிறகு சல்ஃபைடு கரைசலில் தோய்த்தால், படத்தில் உள்ள வெள்ளி முழுவதும் வெள்ளி சல்ஃபைடாக மாறிவிடும். அது காற்றில் உள்ள மாசுகளுக்கு எளிதில் இரையாகாது. ஆகவே செபியா செய்த பிரின்ட் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பிரின்ட்டைவிட அதிக காலம் நிற்கும். கண்ணுக்கு இதமான அந்தப் பழுப்பு நிறம் இந்த மாற்றத்தோடு சேர்ந்து வருவது. கூடத்துச் சுவரில் நிரந்தரமாக மாட்டப்போகிறவர்களுக்கு நானே செபியாவைப் பரிந்துரைப்பதுண்டு. சல்ஃபைடிலிருந்து அழுகிய முட்டை வாடை வருமென்பதால் அந்த வேலையை மட்டும் மொட்டை மாடியில் வைத்துக்கொள்கிறேன்.

மெரினா, மகாபலிபுரம்னு போகாம ஏன் பாரிஸ் கார்னரையே பிடிச்சிட்டிருக்கீங்க?

நடந்தே போகக்கூடிய தூரத்துக்குள் இத்தனை காலத்துக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் இடம் சென்னையில் வேறு இல்லை. 1772-இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம், 1884-இல் எழுந்த தலைமை அஞ்சலகம், 1892-இன் உயர் நீதிமன்றம், ராஜாஜி சாலையில் 1897-ஐச் சேர்ந்த ஸ்டேட் வங்கிக் கட்டடம், முனையிலேயே 1940-இன் டேர் ஹவுஸ் என்று ஒரு காலை நேரத்தில் எல்லாவற்றின் முன்னும் நின்றுவிடலாம். செங்கல் வளைவும் குவிமாடமும் வேண்டுமா, ஆர்ட் டெகோ என்ற கட்டடப் பாணியின் நேர்க்கோடுகள் வேண்டுமா என்பதை முகத்துக்கும் உடைக்கும் தக்கபடி தேர்ந்தெடுக்க முடியும்.

ஆனால் நான் அதிகம் எடுப்பது பெரிய கட்டடங்களின் முன்னால் அல்ல. தம்பு செட்டி தெருவிலும் லிங்கி செட்டி தெருவிலும் உள்ளே நடந்தால், கடைகளுக்கு நடுவே இன்னும் சில பழைய வாசல்கள் தென்படும். கல்படியின் நடுப்பகுதி பல தலைமுறைக் கால்கள் பட்டுத் தேய்ந்து குழிந்திருக்கும். தேக்குக் கதவின் கீழ்ப்பகுதி மழைநீர் தெறித்து வெளுத்து, கைபடும் உயரத்தில் மட்டும் எண்ணெய் ஏறிய கறுப்பாக இருக்கும். மேலே இரும்புக் கம்பி வளைவில் ஒரு எண் தகடு. அந்தப் படியில் ஒருவர் உட்கார்ந்தால் கை தானாகவே முழங்காலில் போய்ச் சேர்கிறது. எப்படி உட்கார வேண்டும் என்று நான் சொல்லவேண்டியிருப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இந்தப் பகுதியோடு குடும்பத் தொடர்பு இருக்கிறது. கோடவுன் தெரு ஜவுளி மண்டியில் தாத்தா கணக்கெழுதியிருப்பார். கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெருவுக்கு அப்பா வந்திருப்பார். பர்மாவிலிருந்து திரும்பிய உறவினர் பர்மா பஜாரில் கடை போட்டிருப்பார். முன்பதிவின்போது நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தொடர்பு இருந்தால் அந்தத் தெருவிலேயே எடுப்போம்.

எத்தனை மணிக்கு வரணும்? பத்து மணிக்கு வந்தா ஆகாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை, சூரியன் எழுந்த அரை மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். ஜூன் தொடக்கத்தில் சென்னையில் 5.45-க்கு முன்பே சூரியன் எழுந்துவிடும்; ஜனவரியில் 6.30 தாண்டும். அந்த நேரத்தில் மொத்தக் கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருக்கும். சரக்கு வண்டிகளும் இருக்காது.

நேரத்தில் நான் கண்டிப்பாக இருப்பதற்கு ஒளியே காரணம். தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, அரண்மனைக்காரன் தெரு மூன்றும் வடக்கு தெற்காகச் செல்பவை. காலை வெயில் கடல் பக்கத்திலிருந்து வந்து மேற்கு வரிசைக் கட்டடங்களின் மேல் படும். கிழக்கு வரிசையின் ஓரம் நிழலில் இருக்கும். அந்த நிழலில் உங்களை நிறுத்தி மேற்கே பார்க்கச் சொன்னால், எதிர்ச்சுவரில் பட்ட வெயில் மென்மையாகித் திரும்பி வந்து முகத்தில் விழும். வெள்ளையடித்த சுவராக இருந்தால் இன்னும் நல்லது. மின்விளக்கு வருவதற்கு முன் ஸ்டுடியோக்காரர்கள் கண்ணாடிக் கூரை போட்டு, துணித்திரை இழுத்து, பாடுபட்டு வரவழைத்த ஒளி இது.

பத்து மணிக்கு வெயில் மேலே ஏறிவிடும். கண்குழியிலும் மூக்கின் கீழும் கறுப்பாக நிழல் விழும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சென்னையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியிலேயே நிற்கும். மேகமூட்டமான நாள் என்றால் ஒன்பதரை வரை தாக்குப்பிடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் கட்டணமின்றி வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஃபிலிம்ல எடுக்கிறீங்களா, டிஜிட்டலா?

இரண்டிலும். சட்டமிட்டு மாட்டவேண்டிய தனி உருவப்படங்களை 120 என்ற அகலமான சுருள் ஃபிலிமில் எடுக்கிறேன். ஓடியாடும் குழந்தைகளையும் பெரிய குடும்பங்களையும் டிஜிட்டலில் எடுக்கிறேன். என்னிடம் இருப்பது இரட்டை லென்ஸ் யாஷிகா கேமரா. சதுரப் படம், ஒரு சுருளுக்கு 12. அதை வயிற்றுக்கு நேராகப் பிடித்து, மேலே இருக்கும் கண்ணாடியில் குனிந்துதான் பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவரை ஒரு கருவி குறிபார்க்காமல், ஒரு ஆள் தலைகுனிந்து நிற்பதால், கூச்ச சுபாவம் உள்ளவர்கள் சீக்கிரம் இயல்பாகிவிடுகிறார்கள். ஷட்டர் சத்தமும் மிக மெல்லியது.

ஃபிலிம் இன்று இறக்குமதியாகத்தான் வருகிறது. உதகையில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் காகிதமும் நம் மாநிலத்திலேயே தயாராயின. அந்த ஆலை மூடப்பட்டது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய இழப்பு.

சென்னை வெயிலில் ஃபிலிமை வீட்டிலேயே கழுவ முடியுமா?

முடியும், கவனம் வேண்டும். நான் பயன்படுத்தும் இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) 20 டிகிரியில் ஏழரை நிமிடம் வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் நேரத்தை மிகவும் குறைக்க வேண்டியிருக்கும். நேரம் குறைந்தால் கரைசல் சமமாகப் பரவாமல் வானத்திலும் சுவரிலும் திட்டுத்திட்டாகத் தெரியும். ஆகவே பனிக்கட்டி போட்ட தொட்டியில் புட்டிகளை நிறுத்தி 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, அதற்குரிய குறைந்த நேரத்தில் கழுவுகிறேன்.

டெவலப்பரை மட்டும் குளிர்வித்தால் போதாது. ஹைப்போவும் கடைசியாக அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபிலிமின் மேல் உள்ள ஜெலட்டின் திடீரென்று விரிந்து சுருங்கி, படம் முழுக்க வலைபோலச் சுருக்கம் விழுந்துவிடும். ஒரு முகத்தை இரண்டாம் முறை அதே பார்வையுடன் எடுக்க முடியாது என்பதால் இந்த வேலையை வெளியே கொடுப்பதில்லை.

என்ன டிரஸ் போட்டுட்டு வரணும்? பட்டுப் புடவை கட்டலாமா?

தாராளமாகக் கட்டலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கறுப்பு வெள்ளையில் அரக்குச் சிவப்பும் பாட்டில் பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாக விழும். உடலும் கரையும் அந்த இரண்டு நிறத்தில் இருந்தால் புடவையின் அழகு படத்தில் தெரியாது. வெளிர் உடலும் அழுத்தமான கரையும் உள்ள செட்டிநாட்டுக் கண்டாங்கி, புள்ளி போட்ட சுங்குடி, கட்டம் போட்ட பருத்திப் புடவை ஆகியவை மிக நன்றாக வரும். ஜரிகை நேர்வெயிலில் வெளுத்துப்போகும். நான் எடுக்கும் நிழல் ஒளியில் அதன் இழை தெரியும்.

ஆண்களுக்கு வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போதும். சட்டை முழுவெள்ளையாக இல்லாமல் சற்றே பழுத்த வெள்ளையாக இருந்தால் துணியின் மடிப்புகள் தெரியும். நாடக ஒப்பனைக் கடையில் வாடகைக்கு எடுத்த உடையைவிட, வீட்டுப் பெட்டியில் இருக்கும் அம்மாவின் பஃப் கை ரவிக்கையோ அப்பாவின் எச்எம்டி கைக்கடிகாரமோ மேல். அவற்றைப் போட்டவுடன் ஆளின் நிற்கும் விதமே மாறிவிடுகிறது.

நான் கொஞ்சம் கறுப்பு. படத்துல வெளுப்பா காட்டுவீங்களா?

காட்ட மாட்டேன்; அதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய படங்களில் முகங்கள் மாவு பூசியது போல் இருப்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. அந்தக் காலத்துத் தகடுகளும் ஃபிலிம்களும் சிவப்பு ஒளியை உணரமாட்டா. நம் தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியில் சிவப்பே அதிகம் என்பதால், முகம் உள்ளதைவிடக் கறுத்துப் பதிந்தது. அதைச் சரிக்கட்டப் பவுடரை அள்ளிப் பூசினார்கள், நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்தார்கள். எல்லா நிறத்தையும் உணரும் ஃபிலிம் வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. பழக்கம் மட்டும் மிஞ்சி, கம்ப்யூட்டரில் தொடர்கிறது.

கறுத்த முகத்தில் கன்னத்து மேட்டிலும் நெற்றியிலும் ஒளி வழுக்கிச் செல்லும் அழகு கறுப்பு வெள்ளைப் படத்துக்கென்றே அமைந்தது. ஒளிமானியை முகத்தருகே பிடித்து, அங்கே விழும் ஒளியை நேரடியாக அளந்து எடுத்தால் தோல் உள்ளபடியே வரும். பிரின்ட் போடும்போதும் அந்தச் சாம்பல் நிறத்தைச் சரியாகக் கொண்டுவரத்தான் அதிக நேரம் செலவிடுகிறேன். பருவையும் தற்காலிகக் காயத்தையும் நீக்கித் தருவேன். மச்சத்தையும் சுருக்கத்தையும் நிறத்தையும் தொடமாட்டேன்.

பழைய படத்துல யாருமே சிரிக்கலையே. நாங்களும் முறைச்சுட்டுத்தான் நிக்கணுமா?

தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒரு படத்துக்குப் பல வினாடிகள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. தலை ஆடாமலிருக்கப் பின்னால் ஒரு பிடிப்பான் வைப்பார்கள். சிரிப்பை அவ்வளவு நேரம் நிறுத்திவைக்க முடியாது. ஆனால் 1950களில் அந்தக் கட்டாயம் இல்லை. அப்போதும் யாரும் சிரிக்காததற்குக் காரணம், படம் எடுத்துக்கொள்வது வாழ்நாளில் சில முறையே நடக்கும் காரியமாக இருந்ததும், அந்தப் படம் தனக்குப் பின்னும் சுவரில் இருக்கும் என்று அவர்கள் அறிந்திருந்ததும்தான்.

‘சிரிங்க’ என்று நான் சொல்வதில்லை. சிரிப்பு வந்தால் எடுப்பேன். பலருக்கும் பிடித்த படமாக அமைவது, சிரித்து முடித்த பிறகு வாய் மூடி, கண்ணில் மட்டும் அது மிச்சமிருக்கும் நேரத்தில் எடுத்ததாக இருக்கிறது.

கேமரா முன்னாடி நின்னாலே எனக்குக் கை கால் ஓடாது. எப்படி எடுப்பீங்க?

முதல் சுருளை அவசரமில்லாமல் தொடங்குவேன். கேமராவை வெளியே எடுக்காமல் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சேர்ந்து நடப்போம். டீக்கடை திறந்திருந்தால் ஒரு டீ. பிறகு கைக்கு ஒரு வேலை கொடுப்பேன். கதவு வளையத்தைப் பிடிப்பது, புடவைத் தலைப்பை மடித்துக்கொள்வது, கண்ணாடியைத் துடைப்பது போன்றவை போதும். பழைய ஸ்டுடியோக்களில் கையில் புத்தகமோ பூச்சாடியருகே ஒரு மேசையோ வைத்ததும் இதற்காகவே.

ரோட்டுல கூட்டம் கூடுமே. பொண்ணுங்க தனியா வரலாமா? டிரஸ் மாத்த இடம் இருக்கா?

மேலே சொன்ன நேரத்துக்கு வந்தால் கூட்டம் இருக்காது. பூட்டிய கடையின் காவலாளிகள், பால் ஊற்றுபவர்கள், கோயிலுக்குச் செல்பவர்கள் ஆகியோரே இருப்பார்கள். நின்று பார்த்தாலும் ஒரு புன்னகையோடு போய்விடுவார்கள். தனியாக வரலாம், துணைக்கு ஒருவரை அழைத்து வந்தால் நான் வரவேற்கிறேன். என்னோடு எப்போதும் ஒரு பெண் உதவியாளர் இருப்பார். புடவை மடிப்பு, பூ, ஊசி எல்லாவற்றையும் அவரே கவனிப்பார்.

உடை மாற்றத் தெருவில் வசதி கிடையாது. ஆகவே முதல் உடையை உடுத்திக்கொண்டே வாருங்கள். இரண்டாவது உடை வேண்டுமென்றால் அருகில் உள்ள விடுதியில் அறை எடுப்பேன். அந்தச் செலவு முன்பே சொல்லப்படும்.

பின்னாடி கரண்ட் ஒயர், பைக், பிளெக்ஸ் போர்டு எல்லாம் விழுமே. அழிச்சிடுவீங்கதானே?

பெரும்பாலும் அழிக்க மாட்டேன். லென்ஸின் துளையைப் பெரிதாகத் திறந்து எடுப்பதால் பின்னால் இருப்பவை கரைந்து, முகம் முன்னே வரும். கேமராவை வயிற்று உயரத்தில் பிடிக்கும்போது நின்றிருக்கும் பைக்குகளை ஆளின் உடலே மறைத்துவிடும். கண்ணை உறுத்தும் ஒன்றைத் தவிர்க்க நாலு அடி தள்ளி நின்றாலே போதும்.

மிச்சமிருக்கும் மின்கம்பியும் கடைப்பலகையும் இன்றைய ஜார்ஜ் டவுனுக்குச் சொந்தமானவை. 1953 வரை இங்கே டிராம் ஓடியது. அந்தக் காலத்துப் படங்களில் டிராமுக்கான மேல்கம்பிகள் தெருவெங்கும் குறுக்கே தெரியும். அவற்றை இன்று நாம் ஆசையோடு உற்றுப் பார்க்கிறோம். உங்கள் பேரப்பிள்ளைகளும் இந்தக் கம்பிகளை அப்படிப் பார்க்க இடமிருக்கட்டும் என்பது என் எண்ணம். அதையும் மீறி ஒன்றை நீக்கியே ஆக வேண்டும் என்றால், டிஜிட்டல் படத்தில் நீக்கித் தருகிறேன்.

ஹைகோர்ட் உள்ளே, பீச் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல எடுக்க முடியுமா?

உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் முடியாது. அது பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கிறது. துறைமுகமும் அப்படியே. 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாக எரிந்த உயர் நீதிமன்றக் கோபுரத்தைத் தூரத்தில் பின்னணியாக வைத்து வெளியே சாலையோரத்திலிருந்து எடுக்கலாம். ரயில் நிலையத்துக்குள் முன்னனுமதி பெறாமல் தொழில்முறையில் எடுப்பதில்லை. கோயில் என்றால் காளிகாம்பாள் கோயிலானாலும் வேறெதுவானாலும் வாசலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தனியார் கட்டடத்தின் படியையோ தாழ்வாரத்தையோ பயன்படுத்துவதற்கு உரிமையாளரிடம் முன்தினமே கேட்டுவிடுவேன். எடுத்த பிறகு அவர்களுக்கும் ஒரு பிரின்ட் கொண்டுபோய்க் கொடுப்பது என் வழக்கம்.

மூட்டை தூக்கறவங்க, மீன்பாடி வண்டிக்காரர் எல்லாம் பின்னாடி நின்னா படம் நல்லா இருக்குமே?

அவர்களை அலங்காரப் பொருளாக நிறுத்தி எடுப்பதில்லை. தற்செயலாகத் தூரத்தில் ஒருவர் கடந்துபோனால் அது தெருவின் இயல்பு. முகம் அடையாளம் தெரியும்படி வந்தால் படத்தைக் காட்டிச் சம்மதம் கேட்பேன். வேண்டாம் என்றால் பயன்படுத்த மாட்டேன். அவர்களில் சிலரைத் தனியாக, அவர்கள் கேட்டு, இதே முறையில் உருவப்படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு பாட்டி சொல்றாங்க. அவங்களை எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?

வற்புறுத்தாதீர்கள். படம் என்றாலே மாலை போட்ட படம்தான் அவர்கள் நினைவுக்கு வருகிறது. அந்த அச்சம் நியாயமானது. தனியாக உட்காரவைத்து நேராக எடுத்தால் அது ‘அந்தப் படம்’ ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகவே நான் பாட்டியை ஒரு பேரப்பிள்ளையோடு சேர்த்து எடுப்பேன். பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டோ, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டோ இருக்கட்டும். அதன் பிறகும் வேண்டாம் என்றால் கேமராவை மூடிவிடுவேன்.

நடக்க முடியாத முதியவர்களுக்காக வீட்டுக்கே வருகிறேன். வடக்குப் பார்த்த ஒரு சன்னலோ, திண்ணையோ இருந்தால் போதும்.

எடுத்த எல்லாப் படத்தையும் கொடுத்துடுவீங்களா?

ஃபிலிமில் எடுத்தவை அனைத்தையும் சிறிய அளவில் ஒரே தாளில் அச்சிட்டுக் காட்டுவேன். அதிலிருந்து நீங்கள் தேர்ந்தெடுப்பதைப் பெரிதாக்கித் தருவேன். டிஜிட்டலில் கண் மூடியவற்றையும் ஒன்றுபோலவே இருப்பவற்றையும் நீக்கிய பிறகு மற்றவை எல்லாம் உங்களுக்கே. நெகட்டிவை நீங்கள் கேட்டால் உறையிலிட்டுத் தந்துவிடுவேன். என்னிடமே இருந்தால் ஈரம் படாமல் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருப்பேன்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

எத்தனை சுருள், எத்தனை பிரின்ட், எந்த அளவு என்ற மூன்றையும் பொறுத்தது. நாள் குறிக்கும்போதே தொகையை எழுதிக் கொடுத்துவிடுவேன். பிறகு அது ஏறாது.

இப்போ செயலியில ஒரு நொடியில போட்டோவை 1950 மாதிரி மாத்திடலாமே. உங்ககிட்ட ஏன் வரணும்?

பழைய சாயல் மட்டும் போதுமென்றால் செயலியே போதும். என்னிடம் வர வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செயலிகள் பெரும்பாலும் செய்வது, இரண்டாவது பதிலில் சொன்ன பழுதுகளை மேலே பூசுவதையும், தோல் பற்றிய பதிலில் சொன்ன வெளுப்பாக்கத்தையும்தான். சில செயலிகள் முகத்தையே புதிதாக வரைந்துவிடுகின்றன. மூக்கு கொஞ்சம் கூர்மையாகிவிடும், காதின் வடிவம் மாறிவிடும். அம்மாவின் மூக்கு மகளுக்கு வந்திருப்பதைப் பார்க்கத்தானே உருவப்படம் எடுத்து வைக்கிறோம்?

என்னிடம் வருபவருக்குக் கிடைப்பது, ஒரு காலைப் பொழுது முழுவதும் அவர் முகத்தை நான் கவனித்துப் பார்த்து எடுத்த படம். மெய்யான ஒளியில், மெய்யான வாசற்படியில் எடுத்தது.

பிரின்ட் எத்தனை வருஷம் இருக்கும்? எப்படிப் பாதுகாக்கணும்?

பிளாஸ்டிக் பூச்சு இல்லாத ஃபைபர் பேப்பரில் அச்சிட்டு, ஹைப்போ போகும்வரை ஓடும் நீரில் நன்றாக அலசிய படம், ஒழுங்காக வைத்தால் நூறாண்டுகளைக் கடக்கும். நம் வீடுகளில் 1900-ஐ ஒட்டிய படங்கள் இன்றும் தெளிவாக இருப்பதே சான்று.

சென்னையில் பகை ஈரம்தான். மழைக்காலத்தில் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவருக்கும் சட்டத்துக்கும் இடைவெளி விடுங்கள். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவே அட்டை விளிம்பு வைத்துத்தான் நான் சட்டமிடுகிறேன். பசை தடவிய பக்கங்களும் மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பசை படத்தைக் கறையாக்கும், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது.

படத்தோட உரிமை யாருக்கு? எங்களைக் கேட்காம விளம்பரத்துல போட்டுடுவீங்களா?

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. பல புகைப்படக்காரர்களுக்கே இது வியப்பைத் தரும். நான் அதை மாற்றி எழுதி வாங்குவதில்லை. என் தொகுப்பில் காட்டவோ கண்காட்சியில் வைக்கவோ விரும்பினால், எந்தப் படம், எங்கே என்று குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாகக் கேட்பேன். குழந்தைகளின் படத்தைப் பெற்றோரே விரும்பினாலும் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை.

தாத்தா பாட்டி கல்யாணப் படம் ஒண்ணு இருக்கு. அதே மாதிரி நாங்க எடுத்துக்கலாமா? அந்த ஸ்டுடியோ கேள்வி கேட்குமா?

அந்தப் படம் உங்கள் குடும்பம் பணம் கொடுத்து எடுத்தது. முந்தைய பதிலில் சொன்ன விதி இங்கேயும் உங்களுக்கு ஆதரவாக இருக்கிறது. மேலும், நிற்கும் முறையையும் நாற்காலி போட்ட விதத்தையும் பின்பற்றி புதிதாக எடுப்பது நகலெடுப்பதாகாது. வெளியிடப்பட்ட ஒரு புகைப்படத்துக்குப் பதிப்புரிமை நிலைப்பது, 2012-இல் சட்டம் திருத்தப்படும் வரை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளாக இருந்தது; திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் வாழ்நாளும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும்.

அசல் படத்தைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். கைப்பேசியில் எடுத்த நகல் போதாது. அசலில் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, கண்ணின் கருமணியில் ஒளிப்புள்ளி எங்கே இருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்த்தால், ஸ்டுடியோக்காரர் சன்னலை எந்தப் பக்கம் வைத்திருந்தார், கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைக் கணிக்க முடியும். அந்தத் திசைக்குப் பொருந்தும் சுவரைத் தேடித்தான் தெருவை முடிவுசெய்வேன். தாத்தா நின்ற இடத்தில் பேரன் நிற்கும்போது, அவரைப் போலவே நடிக்க வேண்டாம். நிற்கும் இடமும் ஒளியும் ஒன்றாக இருந்தால் போதும்.

பழைய படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. ஒரு டப்பா நெகட்டிவும் இருக்கு, புளிச்ச வாடை வருது. என்ன செய்யறது?

ஒட்டிய படத்தைப் பிரிக்க முயலாதீர்கள். தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கொண்டுவந்தால், இரு பக்கமும் சாய்வாக ஒளி வைத்து, கண்ணாடியின் ஊடாகவே நகல் எடுத்துப் புதிய பிரின்ட் போட்டுத் தருகிறேன்.

புளித்த வாடை வரும் நெகட்டிவ்கள் அசிட்டேட் ஃபிலிம். ஈரத்திலும் வெப்பத்திலும் அந்த ஃபிலிமே சிதைந்து வினிகரின் அமிலத்தை வெளிவிடுகிறது. ஒன்றிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். ஆகவே மூடிய டப்பாவிலிருந்து உடனே வெளியே எடுத்து, வாடை வருபவற்றைத் தனியாகப் பிரித்து, காகித உறைகளில் ஒவ்வொன்றாக வையுங்கள். சிதைவை நிறுத்த வழியில்லை. தாமதப்படுத்த மட்டுமே முடியும். சுருண்டு நொறுங்கும் முன் ஸ்கேன் செய்துவிட வேண்டும் என்பதால், இந்த வேலையோடு வருபவர்களுக்கு மட்டும் நான் வரிசை பார்ப்பதில்லை. அந்த வாரமே எடுத்துக்கொள்கிறேன்.